இறக்கமில்லாத ஊரில் பத்துக் கிலோமீட்டர்

பஸ் கிளம்புவதற்கு முன்பே, வேண்டாம், வீட்டுக்குப் போய்விடலாம் என்று மூன்று தடவை சொல்லிவிட்டேன். மூன்றாவது தடவை மதினி என்னை ஜன்னல் பக்கம் தள்ளி, மடியில் குழந்தையை வைத்துவிட்டு, நான் வெளியே வர முடியாதபடி தன் பெரிய உடம்போடு பக்கத்தில் உட்கார்ந்துகொண்டாள்.

"இனி எறங்கணும்னா என்னையத் தாண்டித்தான் போகணும். தாண்டு பாப்போம். ஓட்டக்காரிதான நீ?" என்றாள்.

மதினி என் வீட்டுக்காரரின் அக்கா. தேவிகுளத்தில் சுற்றுலாக்காரர்கள் தங்கும் விடுதி ஒன்றில் சமையல் செய்கிறாள். அவளுக்குப் பயமே கிடையாது. அவள் பங்கையும் சேர்த்து நான்தான் பயப்படுகிறேன் என்று எங்கள் லயத்தில், எஸ்டேட்டின் வரிசை வீடுகளில், கேலி செய்வார்கள். நான் எஸ்டேட்டில் தேயிலைக் கொழுந்து எடுக்கிறவள். ஆறு வருடமாக எங்கள் ஜில்லாவுக்காக ஓடுகிறேன். ஓடினேன் என்று சொல்ல வேண்டும். மலர் பிறந்து ஒன்பது மாதம் ஆகிறது. மேடும் பள்ளமுமான காட்டுப் பாதையில் ஓடும் மாநிலப் போட்டிக்கு ஜில்லாவிலிருந்து நான்கு பெண்களை எடுப்பார்கள். மூன்று பேரை எடுத்தாகிவிட்டது. நான்காவது இடம் முன்பு என்னுடையது. நான் வயிற்றைத் தள்ளிக்கொண்டு நடந்த காலத்தில் ஏலப்பாறைப் பக்கத்திலிருந்து ஜிஷா என்ற பத்தொன்பது வயதுக் கல்லூரிப் பெண் அந்த இடத்துக்கு வந்து சேர்ந்தாள்.

"பாலக்காட்டுல பத்துக் கிலோமீட்டர் ரோட்டு ஓட்டம் நடக்குது. நீயும் போ, அவளும் வரட்டும். யாரு முன்னால வராங்களோ அவங்க பேரை எழுதறேன்" என்று எங்கள் கோச் சார் போனில் சொல்லிவிட்டார். அவர் மலையாளி. எங்களோடு தமிழ் பேசுவார். முடிவு சொல்வதென்றால் இரண்டு பாஷையிலும் ஒரே மாதிரி கறாராகச் சொல்வார்.

அதனால்தான் இந்தப் பயணம்.

மறையூர் தாண்டி வளைவுகளில் இறங்கும்போது என் பயங்களை ஒவ்வொன்றாக நினைத்துப் பார்த்தேன். குழந்தை பாட்டிலைத் தொட மாட்டாள். எஸ்டேட்டில் தாய்ப்பால் கொடுக்கிறவர்களைப் பத்து மணிக்கும் மூன்று மணிக்கும் தேயிலைக் காட்டிலிருந்து கீழே பிள்ளைகளை வைத்திருக்கும் இடத்துக்கு அனுப்புவார்கள். அந்த நேரத்துக்கே பழகிய குழந்தை, ஓடுகிற நேரத்தில் அழுதால்? அது ஒன்று. அடிவயிறு இன்னும் என் சொல் கேட்பதில்லை என்பது இன்னொன்று. தும்மினாலே உள்ளாடை நனைந்துவிடுகிறது. ஆஸ்பத்திரி நர்ஸ் ஓடலாம் என்று சொல்லி, இடுப்புக்குப் பயிற்சியும் சொல்லித்தந்தார். செய்கிறேன். ஆனால் நர்ஸ் என்னோடு ஓடப் போவதில்லை. இத்தனை பேர் பார்க்கும் ரோட்டில் அப்படி ஆகிவிட்டால்?

இதை நினைத்துக்கொண்டிருக்கும்போது மலர் வாந்தி எடுத்தாள். கீழே திறந்திருந்த பையில், ஓடுவதற்கென்று வைத்திருந்த என் இடது ஷூவுக்குள் மொத்தமும் விழுந்தது.

"மொதல் ஆசீர்வாதம்" என்றாள் மதினி.

பின்சீட்டில் இருந்த கரும்புக்காரர் ஒருவர் ஷூவை எட்டிப் பார்த்து, நல்ல ஷூ ஆயிற்றே என்று வருத்தப்பட்டு, துடைக்க இரண்டு வாழை இலைத் துண்டு கொடுத்தார். கண்டக்டர் மூக்கைப் பொத்திக்கொண்டு மலையாளத்தில் சொன்னது இது: "சேச்சி, டிக்கெட் மூன்றா, நான்கா? அந்த ஷூவுக்கும் உயிர் வந்துவிட்டது போலிருக்கிறது."

பொள்ளாச்சியில் இறங்கி வேறு பஸ் மாற வேண்டும். பாட்டிலில் ஊற்றிக் கொடுத்துப் பார்க்கலாமென்று டீக்கடையில் பால் சூடு செய்து தரக் கேட்டோம். கடைக்காரர் எங்கள் ஸ்வெட்டர்களைப் பார்த்துவிட்டு எந்த ஊர் என்று விசாரித்தார். மதினி சொன்னாள்.

"கேரளாவுங்களா? தமிழ் நல்லாப் பேசறீங்களே!"

"பின்னே எங்க தாத்தன் திருநெவேலில இருந்து பேசிக்கிட்டேதான மலை ஏறுனான்" என்றாள் மதினி. இது எங்களுக்குப் பழகிப்போனதுதான். தமிழ்நாட்டில் நாங்கள் மலையாளத்துக்காரர்கள், கேரளாவில் பாண்டிக்காரர்கள், அதாவது தமிழர்கள். கீழே இறங்கினால்தான் நாம் யார் என்பதை மற்றவர்கள் முடிவு செய்கிறார்கள். மேலே லயத்தில் யாரும் கேட்பதில்லை.

பாலக்காட்டு ஜில்லாவில் கொழிஞ்சாம்பாறைக்குப் பக்கத்தில் போய்ச் சேர்ந்தபோது பொழுது சாய்ந்திருந்தது. வெளியூர்க்காரர்களை ஊர்க்காரர்கள் வீடுகளில் தங்க வைப்பதாக ஏற்பாடு. எங்களுக்குக் கிடைத்தது சரசக்கா வீடு. நான்கு மாடு, சுற்றிலும் தென்னை. அந்தப் பக்கத்தில் கோயமுத்தூர்த் தமிழ்.

"வாங்க வாங்க. ஏனுங்க, இவ்வளவு நேரமுங்களா பஸ்ஸு? கொழந்தைய இப்படிக் குடுங்க. ஊட்டுக்குள்ள வாங்க, காத்து அடிக்குது பாருங்க."

காற்றென்றால் அப்படி ஒரு காற்று. கிழக்கிலிருந்து மலை இடைவெளி வழியாகத் தென்னை மரங்களை ஒரே பக்கமாகச் சீவிக்கொண்டு வந்தது. எங்கள் ஊர்க் காற்று குளிரும். இது காயவைக்கும். ஷூவைக் கழுவிக் கிணற்றுச் சுவரில் வைத்தேன். மலையில் அடுப்புக்கு மேலே மூன்று நாள் தொங்கவிட வேண்டும். இங்கே குழந்தைக்குப் பால் கொடுத்து முடிப்பதற்குள் உலர்ந்துவிட்டது. அதைப் பார்த்தும் பயந்தேன். ஷூவையே இப்படி உறிஞ்சும் காற்று என்னை என்ன செய்யும்?

இரவுச் சாப்பாடு அரிசிம்பருப்புச் சோறு, மேலே நெய், பக்கத்தில் தயிர். எனக்கு இறங்கவில்லை. மதினி இரண்டு தட்டு சாப்பிட்டாள்.

"ஏனுங்க அம்மிணி, கோழி கொத்தற மாதிரி தின்னா எப்படிங்க ஓடறது? பால் குடிக்கற கொழந்த வேற இருக்குது" என்றாள் சரசக்கா.

"அவ பயத்தையே தின்னு வயித்த நெறச்சிருவா. ஒங்களுக்குச் செலவில்ல" என்றாள் மதினி.

மறுநாள் சனிக்கிழமை. நம்பர் வாங்கப் பள்ளிக்கூட மைதானத்துக்குப் போனேன். இந்தத் தரையை அப்போதுதான் பகலில் பார்த்தேன். பார்க்கிற தூரம் வரைக்கும் மட்டம். மேஜையைத் துடைத்து வைத்த மாதிரி வயல். ரோடு கிழக்கே நேராகப் போய்க்கொண்டே இருந்தது. ஐந்து கிலோமீட்டர் போய், தமிழ்நாட்டு எல்லைச் செக்போஸ்ட் வருவதற்கு முன்னால் திரும்பி வர வேண்டும் என்றார்கள்.

எங்கள் மலையில் இப்படி ஒரு ரோடு கிடையாது. ஏறுவோம், இறங்குவோம். எஸ்டேட் பங்களாவிலிருந்து மேட்டுக் காடு வரைக்கும் ஏறும்போது இருப்பதையெல்லாம் கொட்டிவிட வேண்டும். பயப்பட வேண்டியதில்லை, அந்தப் பக்கம் இறக்கம் காத்திருக்கிறது. மூச்சை அங்கே திருப்பி வாங்கிக்கொள்ளலாம். இந்த ரோட்டில் மூச்சை எங்கே வாங்குவது?

நம்பர் கொடுக்கும் மேஜையில் ஒரு தாளை நீட்டிக் கையெழுத்துப் போடச் சொன்னார்கள். ஆங்கிலத்திலும் மலையாளத்திலும் நெருக்கி அச்சடித்திருந்தது. நான் எட்டாம் வகுப்போடு நின்றவள். நெருக்கமான எழுத்தைக் கண்டால் எனக்கு நாக்கு வறண்டுவிடும். பேனாவை வைத்துக்கொண்டு நின்றேன். பின்னால் வரிசை நீண்டது.

"அக்கா, நான் படித்துச் சொல்லட்டுமா?" என்று மலையாளத்தில் ஒரு குரல். திரும்பினேன். ஜிஷா. மெலிந்து உயரமாக, பல்லில் கம்பி கட்டியிருந்தாள். போட்டோவில் பார்த்ததைவிடக் கால்கள் நீளம்.

அவள் வாசித்து வாசித்துச் சொன்னாள். சொந்தப் பொறுப்பில் ஓடுகிறேன். உடம்பில் குறை எதுவும் இல்லை. மயக்கம், காயம், மரணம் எது நேர்ந்தாலும் நடத்துகிறவர்கள் பொறுப்பல்ல.

"மரணமா?"

"எல்லாத் தாளிலும் அப்படித்தான் போடுவார்கள் அக்கா. என் கல்லூரி விடுதித் தாளிலும் இருந்தது" என்று சிரித்தாள்.

கையெழுத்துப் போட்டேன். நான் தோற்கடிக்க வேண்டியவள் எனக்குத் தாள் படித்துக் காட்டுகிறாள். நல்ல பெண்ணாக வேறு இருக்கிறாள். திரும்பும் வழியில் மதினியிடம் சொன்னேன்.

"அவ படிச்சவ. கீழ காலேஜுல இந்த மாதிரி மட்ட ரோட்டுலதான் தெனமும் ஓடுதா. நான் தோத்துருவேன் மதினி."

"தோத்தா என்ன, மலைக்கு வர விடமாட்டாகளா?"

அவளிடம் உண்மையை மறைத்தேன். அன்று என் மனசுக்குள் ஒரு மூலையில், தோற்றுவிட்டால் நல்லது என்ற ஆசை உட்கார்ந்திருந்தது. தோற்றால் இது முடியும். விடியுமுன் எழுந்து ஓட வேண்டாம், நனைந்ததை யாருக்கும் தெரியாமல் துவைக்க வேண்டாம், குழந்தையை விட்டுவிட்டுப் போகிறாளே என்ற பேச்சையும் கேட்க வேண்டாம். ஜிஷா முன்னால் போனாள், நான் என்ன செய்வேன் என்று சொல்லிவிடலாம்.

ஞாயிற்றுக்கிழமை காலை ஆறரைக்கு ஓட்டம் என்றார்கள். ஐந்தரைக்கே குழந்தைக்குப் பால் கொடுத்துவிட்டுப் போய் நின்றேன். கொடி அசைக்க வேண்டிய பெரிய மனிதர் வரவில்லை. ஏழாயிற்று. மைக்கில் சினிமாப் பாட்டுப் போட்டார்கள். ஏழரை. வெயில் தென்னை மட்டைகளைத் தாண்டி ரோட்டில் விழுந்தது. எனக்கு மார்பு கனத்தது. அதை அறிந்ததுபோல மலர் அழ ஆரம்பித்தாள். மதினி பாட்டிலைக் காட்டினாள். மலர் தட்டிவிட்டாள்.

மற்ற பெண்கள் கைகால் உதறி உடம்பைச் சூடாக்கிக்கொண்டிருந்தார்கள். நான் நம்பர் குத்திய பனியனைத் தூக்கி, தண்ணீர் வண்டிக்குப் பின்னால் உட்கார்ந்து பால் கொடுத்தேன். மதினி தன் சேலைத் தலைப்பை விரித்து மறைப்பாக நின்றாள். அப்போதுதான் பெரிய மனிதர் வந்தார். எல்லோரும் கோட்டுக்கு வரச் சொல்லி மைக் கத்தியது. மலர் விடவில்லை.

"பிடுங்குட்டி!" என்றாள் மதினி.

பிடுங்கினேன். அவள் அழுகை என் முதுகில் ஒட்டிக்கொண்டே வந்தது. நாற்பது பெண்களுக்குப் பின்னால் கடைசி வரிசையில் போய் நின்றேன். கொடி அசைந்தது.

மலையிலிருந்து வருகிறவர்கள் செய்கிற தப்பைத்தான் செய்தேன். தெரிந்தே செய்தேன் என்றுகூடச் சொல்லலாம். காலுக்கு வேறு பழக்கம் இல்லை. முதல் மூன்று கிலோமீட்டர் இரண்டு பக்கமும் தென்னந்தோப்பு, காற்று மறைவு. ஏற்றத்தில் கொட்டுகிற மாதிரி எல்லாவற்றையும் கொட்டி ஓடினேன். ஒவ்வொருத்தியாகத் தாண்டினேன். ஜிஷாவையும் தாண்டினேன். தாண்டும்போது அவள் மூச்சு அமைதியாக இருந்ததைக் கேட்டேன். அப்போதே புரிந்திருக்க வேண்டும்.

நான்காவது கிலோமீட்டரில் தோப்பு முடிந்து வயல் திறந்தது. காற்று முகத்தில் வந்து மோதியது. என் உடம்பு இறக்கத்தைத் தேடியது. இறக்கம் வரவில்லை. ரோடு நேராக, வெள்ளையாக, வெயிலில் கிடந்தது. தொடை கல்லானது. வாயில் துரு மாதிரி ஒரு ருசி. எனக்குப் பின்னால் சீரான காலடிச் சத்தம் வந்தது. ஜிஷா பக்கத்தில் வந்தாள், என்னைப் பார்க்காமல் தாண்டிப் போனாள். பின்னால் இன்னும் இருவர் போனார்கள்.

அந்த இடத்தில்தான், எது நடக்கக் கூடாது என்று ஒன்பது மாதமாகப் பயந்தேனோ அது நடந்தது. எக்கி மூச்சு விட்டேன். அடிவயிறு விட்டுவிட்டது. சூடாகத் தொடைகளில் இறங்கியது. சாம்பல் நிறக் கால்சட்டை. எந்த நனைவும் அதில் கறுப்பாகத் தெரியும்.

ஓடிக்கொண்டேதான் அழுதேன். ரோட்டோரத்தில் சைக்கிளோடு நின்ற இரண்டு பேர் என்னைப் பார்த்தார்கள். எதற்காகப் பார்த்தார்கள் என்று இன்றுவரை தெரியாது. வயலில் இறங்கி உட்கார்ந்துவிடலாம், வேன் வந்து ஏற்றிக்கொள்ளும் என்று நினைத்தேன். ஆனால் உட்கார்ந்தால் நிற்பார்கள், கேட்பார்கள், கிட்டே வருவார்கள். ஓடினால்தான் யாரும் கிட்டே வர முடியாது. அதனால் ஓடினேன்.

ஐந்தாவது கிலோமீட்டரில் திரும்பும் இடம். அங்கே ஒரு மேஜை, தண்ணீர்ப் பாட்டில்கள். ஒன்றை எடுத்துத் தலையில் கவிழ்த்தேன். இன்னொன்றை எடுத்து இடுப்பில் கவிழ்த்தேன். உச்சி முதல் கால் வரை நனைந்தேன். இனி எது என்ன நனைவு என்று யார் சொல்ல முடியும்? தண்ணீர் கொடுத்த பெண், "வெய்யலுங்களா அக்கா?" என்று கேட்டாள். ஆமாம் என்று தலையாட்டினேன்.

திரும்பியதும் சத்தம் நின்றது. காதில் இரைந்துகொண்டிருந்த காற்றைக் காணோம். முதுகில் யாரோ உள்ளங்கை வைத்துத் தள்ளுகிற மாதிரி இருந்தது. இரண்டு மூன்று நிமிடம் எனக்குப் புரியவில்லை. மூச்சு இறங்கியது. தோள் தளர்ந்தது. கால் தானாக நீண்டது. மேட்டுக் காட்டுக்கு அந்தப் பக்கம் இறங்கும்போது கால் இப்படித்தான் நீளும்.

எதிர்க்காற்றுதான் ஏற்றம். இது இறக்கம்.

இறக்கத்தில் ஓட எனக்கு யாரும் சொல்லித்தர வேண்டியதில்லை. முன்னே போன இருவரையும் ஏழாவது கிலோமீட்டரில் பிடித்தேன். ஜிஷா தூரத்தில் ஒரு மஞ்சள் பனியனாகத் தெரிந்தாள். அதைப் பார்த்தேன், அதை மட்டும் பார்த்தேன். இரண்டு மின்கம்பத் தூரம். தோப்பு வந்தது. ஒரு மின்கம்பத் தூரம். அவள் ஒருமுறை திரும்பிப் பார்த்தாள். கடைசி வளைவில் மதினி நின்றிருந்தாள், அழுகிற குழந்தையை இடுப்பில் வைத்துக்கொண்டு.

"ஏட்டி கனி! யான வருதுட்டி! ஓடுட்டி, ஓடு!"

எங்கள் மலையில் இப்படிக் கத்தினால் யாரும் திரும்பிப் பார்க்காமல் ஓடுவார்கள். அங்கே நின்ற ஊர்க்காரர்கள் எல்லோரும் திரும்பிப் பார்த்தார்கள்.

ஐந்து எட்டு வைக்கும் தூரம்தான் வித்தியாசம். ஜிஷா ஆறாவது, நான் ஏழாவது.

ஓட்டம் பார்க்க வந்திருந்த கோச் சார் கயிற்றுக்கு அந்தப் பக்கம் நின்றிருந்தார். நான் புல்லில் விழுந்து கிடந்தேன். மதினி குழந்தையை என் மேல் போட்டாள். மலர் உப்பு வேர்வையோடு சேர்த்தே குடிக்க ஆரம்பித்தாள். இப்போது மனசு மூலையில் இருந்த அந்தத் தோற்கும் ஆசை எழுந்து வரும், முடிந்தது என்று நிம்மதி வரும் என்று காத்திருந்தேன். வரவில்லை. கோபம் வந்தது. முதல் மூன்று கிலோமீட்டரை மட்டும் கொஞ்சம் அடக்கி ஓடியிருந்தால்! அந்த ஐந்து எட்டையும் என் பல்லால் கடித்து எடுத்திருப்பேன்.

"ஜிஷா பேரை எழுதறேன் கனி. சொன்ன வாக்கு" என்றார் சார். "ரிசர்வ்ல ஒரு இடம் இருக்கு. டீமோட கூட வரலாம். நாலு பேர்ல ஒருத்திக்கு முடியலேன்னாத்தான் ஓட முடியும். அநேகமா சும்மா உக்காந்துட்டு வரணும். கைக்குழந்தைய வச்சுக்கிட்டு அதுக்கு வருவியா?"

"எழுதுங்க சார்" என்றேன். வீட்டில் கேட்காமல் நான் சொன்ன முதல் பதில் அதுதான். சொன்ன பிறகுதான் பயம் வந்தது.

சரசக்கா கொடுத்தனுப்பிய சந்தகையும் தேங்காய்ப்பாலும் அந்தப் புல்லிலேயே உட்கார்ந்து மூன்று கை தின்றேன். நூல் நூலாக வெந்த அரிசி. நாங்கள் இடியாப்பம் என்போம், ஆனால் இது வேறு, கொஞ்சம் முரடு, பசிக்கு நல்லது. ஜிஷா பையைத் தோளில் மாட்டிக்கொண்டு வந்து என் முன்னால் குந்தி உட்கார்ந்தாள். குழந்தையின் காலைத் தொட்டாள். பிறகு மெதுவான மலையாளத்தில் சொன்னாள்.

"அக்கா, எட்டாவது கிலோமீட்டரிலிருந்து உங்கள் கால் சத்தம் எனக்குக் கேட்டது. நிற்கவே இல்லை, கிட்டே கிட்டே வந்தது. எனக்குப் பயம் வந்துவிட்டது. திரும்பிப் பார்த்தது தப்பு. பார்த்த பிறகு இன்னும் பயந்தேன்."

சந்தகை வேண்டுமா என்று கேட்டேன்.

மலை ஏறும் பஸ்ஸில் குளிர் தொடங்கியதும் மலருக்குக் குல்லா போட்டேன். மதினி என்னையே பார்த்துக்கொண்டிருந்தாள்.

"தோத்துட்டு வார, எதுக்குட்டி சிரிச்சிக்கிட்டு வார?"

"அந்தப் பிள்ள என்னையப் பாத்துப் பயந்துட்டாளாம் மதினி."

"யாரு? ஒன்னையவா?" மதினி சிரித்த சிரிப்பில் முன்சீட்டுக்காரர் தூக்கத்திலிருந்து விழித்து, பஸ்ஸுக்கு என்ன ஆயிற்று என்று கேட்டார்.

அடுத்த மாதம் டீமோடு ரிசர்வாகப் போகிறேன். நான்கு பேரில் யாருக்காவது முடியாமல் போனால்தான் எனக்கு இடம். அப்படி யாருக்கும் எதுவும் ஆகிவிடக் கூடாது என்று தினமும் கும்பிடுகிறேன். ஆகிவிட்டால் என்ன செய்வது என்று தினமும் ஓடுகிறேன், முதல் மூன்று கிலோமீட்டரை அடக்கி. கும்பிடும்போதும் பயமாக இருக்கிறது. ஓடும்போதும் இருக்கிறது. அந்தக் கால்சட்டையை மட்டும் மாற்றிவிட்டேன். இப்போது போடுவது கறுப்பு.